போலீஸ் பணத்தை எடுத்து பஸ்ஸுக்குக் கொடுக்க முடியுமா?

கேள்வி: "அமெரிக்க நகரங்களில் ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட் நேரத்தில் ஒரே சண்டை. சொத்து வரி ஏறுகிறது. நகர பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு போலீஸுக்குப் போகிறது. பஸ்களை மட்டும் குறைக்கிறார்கள். போலீஸ் பணத்தில் ஒரு பகுதியை பஸ்ஸுக்குத் திருப்பிவிட்டால் என்ன? யார் தடுக்கிறார்கள்?"

கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் தடுப்பது மாநிலச் சட்டமன்றம். நகரசபைக் கூட்டத்தில் மைக்கைப் பிடிக்கிறவர்கள், வரியைக் குறை என்பவர்களும் சரி, போலீஸைக் குறை என்பவர்களும் சரி, எதிரே உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர்களைப் பார்த்துத்தான் கோபப்படுகிறார்கள். எந்த வரியை எவ்வளவு ஏற்றலாம், வந்த பணத்தை எதற்குச் செலவிடலாம் என்கிற முடிச்சுகளில் பாதிக்கு மேல் அந்தக் கவுன்சிலர்கள் போட்டவை அல்ல. அவர்களுக்கு இதில் பொறுப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. சில முடிச்சுகளை அவர்களே போட்டிருக்கிறார்கள், சிலவற்றை வாக்காளர்களே போட்டிருக்கிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் அந்த 'மூன்றில் ஒரு பங்கு'. அது பொய் இல்லை, ஆனால் எதில் மூன்றில் ஒரு பங்கு என்று கேட்காமல் விட்டால் ஏமாந்துபோவோம். நகரத்தின் மொத்த பட்ஜெட் வேறு, அதன் பொது நிதி வேறு. தண்ணீர், கழிவுநீர், விமான நிலையம் போன்றவை தங்கள் கட்டணத்தில் தாங்களே ஓடும் தனிக் கணக்குகள். அவற்றைக் கழித்த பிறகு, கவுன்சில் தன் விருப்பப்படி பங்கு போடக்கூடியது பொது நிதி மட்டும்தான். போலீஸ், தீயணைப்பு, பூங்கா, நூலகம் எல்லாம் அதிலிருந்துதான் சாப்பிட வேண்டும். பல நகரங்களில் பொது நிதியில் போலீஸின் பங்கு கால்வாசியிலிருந்து நாற்பது சதவீதம் வரை இருக்கும். அதே போலீஸ் செலவை மொத்த பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் அந்தப் பங்கு வெகுவாக இறங்கிவிடும். அமெரிக்காவின் மாநில, உள்ளாட்சிச் செலவுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் போலீஸ் சுமார் நான்கு சதவீதம்தான். மூன்று எண்களும் உண்மை. விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அவர் எந்த எண்ணை எடுத்துக்கொண்டு வருகிறார் என்பதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

நியூயார்க் இதற்கு நல்ல உதாரணம். 2020இல் அந்த நகரத்தின் பட்ஜெட் சுமார் 8,800 கோடி டாலர், போலீஸ் துறையின் நடப்புச் செலவு சுமார் 600 கோடி டாலர். கணக்குப் போட்டால் ஏழு சதவீதம்கூட வராது. நியூயார்க் போலீஸ் சின்னது என்பதால் அல்ல, அங்கே பள்ளிக்கூடங்களும் சமூக நலத் திட்டங்களும் நகர பட்ஜெட்டுக்குள்ளேயே இருப்பதால் வகுக்கும் எண் பெரிதாகிவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிகளுக்குத் தனி அமைப்பு, தனி பட்ஜெட். இரண்டு நகரங்களின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போடுகிறவர்களை நம்பாதீர்கள். இன்னொன்று, அந்த 600 கோடியில் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் இல்லை. அவை வேறு தலைப்பில் இருக்கின்றன. சேர்த்தால் 1,000 கோடி டாலரைத் தாண்டும். அந்த ஆண்டு "போலீஸ் பட்ஜெட்டில் 100 கோடி டாலரைக் குறைத்துவிட்டோம்" என்று அறிவித்தார்கள் அல்லவா, அதில் ஒரு பகுதி பள்ளிப் பாதுகாப்புக் காவலர்களைக் கல்வித் துறையின் கணக்குக்கு மாற்றுவது. ஆள் அதே ஆள், வேலை அதே வேலை. அந்த மாற்றமும் நடக்கவில்லை.

சரி, வரிக்கு வருவோம். சொத்து வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு 'நகரம் கொள்ளையடிக்கிறது' என்று சொல்பவர்கள் ரசீதின் கீழ்ப்பகுதியைப் படிப்பதில்லை. பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம், மாவட்ட அளவிலான ஆட்சியான கவுண்டி, நகரம், சமுதாயக் கல்லூரி, பொது மருத்துவமனைக்கான மாவட்டம் என்று பல கைகள் அந்த ஒரே தொகையைப் பிரித்துக்கொள்கின்றன. பல ஊர்களில் பெரிய பங்கு பள்ளிக்கு. போலீஸ் பட்ஜெட்டை வெட்டினால் ரசீதில் தெரியும் வித்தியாசம் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு குழப்பம், வீட்டின் மதிப்பு ஏறினால் நகரத்துக்கு அத்தனை பணமும் போய்ச் சேர்கிறது என்ற நினைப்பு. பல மாநிலங்களில் அப்படி இல்லை. டெக்ஸாஸில் 2019இல் வந்த சட்டப்படி, பெரிய நகரங்கள் ஏற்கெனவே உள்ள சொத்துகளிலிருந்து தங்கள் அன்றாடச் செலவுக்காக வசூலிக்கும் வரியை ஆண்டுக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். அதற்கு முன் இந்த வரம்பு 8 சதவீதம். மாசசூசெட்ஸில் 1980 முதலே 2.5 சதவீத வரம்பு உண்டு. ஆகவே ஊரில் எல்லா வீட்டு மதிப்பும் இருபது சதவீதம் ஏறினால் வரி விகிதம் இறங்கும். உங்கள் வீடு மட்டும் மற்றவற்றைவிட வேகமாக ஏறினால்தான் உங்களுக்கு அடி. அல்லது மற்றவை இறங்க வேண்டும். மாசசூசெட்ஸின் தலைநகரான பாஸ்டனில் இப்போது அதுதான் பிரச்சினை. அந்த நகரத்தின் வருமானத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் சொத்து வரி. கோவிட்டுக்குப் பிறகு அலுவலகக் கட்டடங்கள் காலியாகி மதிப்பு இறங்கியதும் சுமை வீடுகளின் பக்கம் சாய்ந்தது. மேயர் மிஷெல் வூ, சில ஆண்டுகளுக்கு மட்டும் வணிகக் கட்டடங்களிடம் கொஞ்சம் அதிகம் வாங்க அனுமதி கேட்டார். அனுமதி யாரிடம்? மாநிலத்திடம். 2024இல் அது மாநில செனட்டில் நின்றுபோனது. நகரம் தன் எல்லைக்குள் இருக்கும் கட்டடங்களிடையே சுமையைப் பங்குபோடக்கூட மாநிலத்தின் கையை எதிர்பார்த்து நிற்கிறது.

கலிஃபோர்னியா வாக்காளர்கள் 1978இல் வாக்கெடுப்பில் நிறைவேற்றிய முன்மொழிவு 13 இந்தக் கதைகளுக்கெல்லாம் தலைமகன். சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வீடு கைமாறும்வரை கணக்கிடும் மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஒரே தெருவில் ஒரே அளவு வீட்டுக்கு, நாற்பது வருடமாகக் குடியிருப்பவர் ஒரு தொகையும் போன வருடம் வாங்கியவர் அதைப்போலப் பல மடங்கும் கட்டுவது இதனால்தான். குறிப்பிட்ட நோக்கத்துக்கான உள்ளூர் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. சொத்து வரிக் கதவு பாதி மூடியதும் உள்ளாட்சிகள் விற்பனை வரியின் பக்கம் ஓடின.

பஸ், ரயில் பணத்தின் கதை இங்கேதான் பிரிகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 1980, 1990, 2008, 2016 என்று நான்கு முறை வாக்கெடுப்பு நடத்தி, ஒவ்வொரு முறையும் டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரியைப் போக்குவரத்துக்கென்று வாங்கினார்கள். 2016இல் எழுபது சதவீதத்துக்கு மேல் ஆதரவு. கட்டுகிற மக்களே 'இது போக்குவரத்துக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுத்த பணம். அது நகரசபைக்கு வருவதில்லை, பெரும்பகுதி கவுண்டி அளவிலான மெட்ரோ அமைப்புக்குப் போகிறது. நகரம் அதைத் தன் போலீஸ் பட்ஜெட்டுக்கு எடுக்க முடியாது. அதேபோல நகரம் போலீஸில் மிச்சம் பிடித்தாலும் அது தானாக மெட்ரோவுக்குப் போய்ச் சேராது. தனித்தனியாகப் பூட்டிய உண்டியல்கள், சாவியும் வேறு வேறு ஆட்களிடம். நியூயார்க்கில் சுரங்க ரயிலை நடத்தும் எம்டிஏ மாநில அமைப்பு. நகரசபை அதன் அட்டவணையைத் தீர்மானிக்க முடியாது.

விற்பனை வரியைப் பற்றி ஒரு வார்த்தை. வாக்கெடுப்பில் சுலபமாக ஜெயிக்கிறது என்பதற்காகவே அதைத் தேடிப் போகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் வலி தெரிவதில்லை, வெளியூர்க்காரர்களும் கட்டுகிறார்கள். ஆனால் வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவழித்தே தீர வேண்டியவர்களுக்கு அது அதிகம் உறைக்கும். பஸ்ஸில் போகிறவர்களில் பலர் அவர்கள்தான். பொருளாதாரம் சரியும்போது வரி வருமானமும் சரிந்து, பஸ் அதிகம் தேவைப்படும் நேரத்திலேயே பஸ் குறையும். எனக்கு இது ஒரு மோசமான ஏற்பாடாகவே படுகிறது. ஆனால் மாநிலச் சட்டங்கள் விட்டுவைத்திருக்கும் வழிகளில் பெரும்பாலும் இதுதான் மிச்சம்.

பிறகு, கட்டுவதற்குக் காசு உண்டு, ஓட்டுவதற்கு இல்லை என்கிற வினோதம். 1998க்குப் பிறகு, இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகர்ப்புறங்கள் மத்திய அரசின் வழக்கமான போக்குவரத்து மானியத்தை அன்றாட இயக்கச் செலவுக்கு எடுப்பது பெரும்பாலும் தடைப்பட்டது. ரயில் பாதை போடலாம், புது பஸ் வாங்கலாம், டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. "புதிய ரயிலுக்கு இத்தனை கோடி, என் பஸ்ஸை மட்டும் நிறுத்திவிட்டீர்களே" என்று கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார். அந்த ரயில் பணம் பஸ்ஸாக மாறாது என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. கோவிட் காலத்தில் விதிவிலக்காகச் சுமார் 6,900 கோடி டாலர் நிவாரணம் வந்தது, அதை இயக்கச் செலவுக்கு எடுக்கலாம் என்றார்கள். அது தீர்ந்ததும் பள்ளம் தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோ பகுதியின் பார்ட் ரயில் கோவிட்டுக்கு முன் இயக்கச் செலவில் பெரும்பகுதியை டிக்கெட்டிலேயே எடுத்துக்கொண்டிருந்தது. கெட்டிக்காரத்தனம் என்று அப்போது பாராட்டினார்கள். பயணிகள் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியதும் அதிகம் அடிபட்டதும் அதுவே. ஃபிலடெல்ஃபியாவின் போக்குவரத்து அமைப்பான செப்டா 2025 ஆகஸ்டில் பஸ் தடங்களை வெட்டியது, கட்டணத்தை 21.5 சதவீதம் ஏற்றும் முடிவையும் எடுத்திருந்தது. மாநிலம் புதுப் பணம் தராமல், பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் வைத்திருந்த நிதியிலிருந்து இரண்டு ஆண்டுகளில் 39.4 கோடி டாலர் வரை இயக்கத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதித்தது. நாளைய தண்டவாளத்தை விற்று இன்றைய பஸ்ஸை ஓட்டுகிற வேலை.

போலீஸ் பக்கம் முடிச்சுகள் வேறு மாதிரி. செலவில் பெரும்பகுதி சம்பளம், ஓவர்டைம், ஓய்வூதியம். கவச வண்டிகளும் புதுச் சாதனங்களும் படத்தில் நன்றாகத் தெரியும், கணக்கில் சின்னவை. சம்பளம் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் பல ஆண்டுகளுக்குக் கட்டப்பட்டது. பல மாநிலங்களில் ஒப்பந்தம் இழுபறியானால் நடுவர் சொல்வதே முடிவு. ஓய்வூதியம் ஏற்கெனவே வேலை செய்து முடித்தவர்களுக்கான கடன். எனவே ஓர் ஆண்டு பட்ஜெட்டில் சுலபமாகக் குறைக்கக்கூடியது புது ஆள் எடுப்பதும் பயிற்சி வகுப்புகளும் ஓவர்டைமும் மட்டுமே. அதிலும் ஒரு சூட்சுமம். நிரப்பப்படாத பணியிடங்களுக்கான சம்பளம் பட்ஜெட்டில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார், அந்தப் பணத்தில் இருக்கிறவர்களுக்கு ஓவர்டைம் போகும். 'போலீஸ் பட்ஜெட் கூடிவிட்டது' என்பவரும் 'தெருவில் போலீஸே இல்லை' என்பவரும் ஒரே சமயத்தில் உண்மை பேசலாம்.

வரி, போலீஸ், போக்குவரத்து மூன்றும் ஒரே ஊரில் மோதியதைப் பார்க்க டெக்ஸாஸின் ஆஸ்டினைப் பாருங்கள். 2020 ஆகஸ்டில் நகரசபை போலீஸ் பட்ஜெட்டில் சுமார் 15 கோடி டாலரைக் குறைப்பதாக அறிவித்தது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நாடெங்கும் தலைப்புச் செய்தி. உள்ளே போய்ப் பார்த்தால் உடனடி வெட்டு சுமார் 2 கோடி டாலர். மிச்சத்தில் பெரும்பகுதி தடயவியல் ஆய்வகம், அவசர அழைப்பு மையம் போன்றவற்றைத் துறையிலிருந்து பிரித்து வேறு கணக்கில் வைப்பதும், பிறகு யோசிப்போம் என்று ஒதுக்கி வைப்பதும். அடுத்த ஆண்டே மாநிலம் சட்டம் கொண்டுவந்தது: இரண்டரை லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரம் போலீஸ் பட்ஜெட்டைக் குறைத்தால் அதன் சொத்து வரி உறையும், விற்பனை வரியிலும் கை வைப்போம். ஆஸ்டின் பணத்தைத் திருப்பி வைத்துவிட்டது.

அதே 2020இல், நவம்பரில், அதே ஊர் மக்கள் 100 டாலர் மதிப்புக்கு 8.75 சென்ட் சொத்து வரியை ஏற்றிக்கொள்ள வாக்களித்தார்கள், லைட் ரயிலும் பஸ்ஸும் கொண்ட ஒரு பெரிய போக்குவரத்துத் திட்டத்துக்காக. பின்னர் செலவு மதிப்பீடு எகிற, 2023இல் ரயில் திட்டத்தைச் சுருக்கினார்கள். வரி சுருங்கவில்லை. அதை எதிர்த்து வழக்கும் வந்தது. 2021 நவம்பரில் போலீஸ் எண்ணிக்கைக்குக் கட்டாயக் குறைந்தபட்சம் வைக்கும் யோசனையை அதே மக்கள் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். 2025 நவம்பரில் நகரசபை 3.5 சதவீத வரம்பைத் தாண்டி வரி கேட்டபோது அதையும் தோற்கடித்தார்கள். இதைப் படித்துவிட்டு ஆஸ்டின் இடதா வலதா என்று கேட்பது வீண். எதற்கு என்று தெளிவாகச் சொன்ன வரிக்குத் தலையாட்டினார்கள், பொதுச் செலவுக்கு என்று கேட்டபோது இல்லை என்றார்கள். முடிச்சு போட்ட பணத்தின் மேல்தான் மக்களுக்கு நம்பிக்கை. அப்படி ஒவ்வொரு வரியையும் கட்டிப்போட்டுவிட்டு, அப்புறம் 'ஏன் மாற்றிச் செலவழிக்க மாட்டேன் என்கிறீர்கள்' என்றும் கேட்கிறோம். டல்லாஸ் வாக்காளர்கள் 2024இல் இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து செய்தார்கள். வருமானம் கூடும்போதெல்லாம் அந்தக் கூடுதலில் குறைந்தது பாதி போலீஸ், தீயணைப்பு ஓய்வூதியத்துக்கும் போலீஸ் ஆள் சேர்ப்புக்கும் போக வேண்டும் என்று நகரச் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள்.

மில்வாக்கி இன்னும் துல்லியமான பாடம். நகரம் மொத்தமாக வசூலிக்கும் சொத்து வரியும் அதன் போலீஸ் பட்ஜெட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மாநிலம் பகிர்ந்து தரும் நிதி பல ஆண்டுகளாக ஏறாமல் நின்றது, ஓய்வூதியப் பாக்கி கழுத்தை நெரித்தது. 2023இல் விஸ்கான்சின் சட்டமன்றம் ஒரு பேரம் கொடுத்தது. நகரம் 2 சதவீத விற்பனை வரி போட்டுக்கொள்ளலாம். பதிலுக்கு, பத்து ஆண்டுகளில் போலீஸ் எண்ணிக்கையை 1,725க்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் மாநில நிதியில் 15 சதவீதம் போகும். வரியாக வசூலிக்கும் பணத்தை நகரத்தின் டிராமுக்குச் செலவிடக் கூடாது. பள்ளிகளில் போலீஸ் இருக்க வேண்டும் என்றும் ஒரு பிரிவு. வரி, போலீஸ், போக்குவரத்து மூன்றையும் ஒரே சட்டத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நகரசபை அதை 12க்கு 3 என்று ஏற்றுக்கொண்டது. 2024 ஜனவரி முதல் அங்கே விற்பனை வரி மொத்தம் 7.9 சதவீதம். இந்த நகரத்தின் கூட்டத்தில் போய் 'போலீஸைக் குறைத்து டிராமுக்குக் கொடு' என்று பேசினால், எதிரே இருப்பவர் மனதாரச் சம்மதித்தாலும் அவரால் செய்ய முடியாது.

போலீஸ் செலவு பஸ் பட்ஜெட்டுக்கு உள்ளேயும் ஒளிந்திருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் மெட்ரோ பல ஆண்டுகள் நகரப் போலீஸ், கவுண்டிப் போலீஸான ஷெரிஃப் துறை, பக்கத்து ஊரான லாங் பீச்சின் போலீஸ் மூன்றுக்கும் ஒப்பந்தப் பணம் கொடுத்துத் தன் ரயில்களைக் காக்க வைத்தது. 2024இல் சொந்தமாகப் போலீஸ் துறை அமைக்க முடிவு செய்தது. பார்ட்டுக்கும் செப்டாவுக்கும் ஏற்கெனவே சொந்தப் போலீஸ் உண்டு. இந்த ஊர்களில் 'போலீஸா, போக்குவரத்தா' என்ற கேள்விக்கு ஒரே வாரியம் ஒரே பணத்தில் பதில் சொல்கிறது. மாற்றிச் செலவழிக்க உண்மையாகவே வாய்ப்புள்ள இடம் இது. ஆனால் கூட்டம் அங்கே போய்ப் பேசுவதில்லை.

அப்படியானால் நகரசபையிடம் பஸ்ஸுக்காக எதையும் கேட்க முடியாதா? இரண்டு விஷயங்கள் கேட்கலாம். ஒன்று, நகரம் தன் பணத்தில் பஸ் சேவையை வாங்கலாம். சியாட்டிலில் பஸ்ஸை ஓட்டுவது கிங் கவுண்டி. 2014இல் நகர வாக்காளர்கள் 60 டாலர் வாகனக் கட்டணத்துக்கும் 0.1 சதவீத விற்பனை வரிக்கும் சம்மதித்தார்கள், அந்தப் பணத்தில் நகரம் கவுண்டியிடம் கூடுதல் பஸ் மணிநேரங்களை வாங்கியது. வாகனக் கட்டணத்தை விட்டுவிட்டு, 2020இல் விற்பனை வரியை 0.15 சதவீதமாக்கிப் புதுப்பித்தார்கள்.

இரண்டாவது, தெரு நகரத்துடையது. பஸ்ஸுக்குத் தனிப் பாதை ஒதுக்குவதும் சிக்னலில் பஸ்ஸுக்கு முன்னுரிமை கொடுப்பதும் பெரும்பாலும் நகரத்தின் கையில். இதன் கணக்கு எளிது. ஒரு பஸ் போய்த் திரும்ப 60 நிமிடம் ஆகிறது, பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டும் என்றால் ஆறு பஸ்ஸும் ஆறு டிரைவர்களும் தேவை. அதே பயணம் 50 நிமிடமானால் ஐந்து போதும். மிச்சமாகும் பஸ்ஸை வேறு தடத்தில் விடலாம். போலீஸ் பட்ஜெட்டில் கை வைக்க வேண்டாம், புது வரி வேண்டாம், பெரும்பாலான ஊர்களில் மாநிலத்தைக் கேட்கவும் வேண்டாம். அந்தத் தெருவில் கார் நிறுத்தும் இடத்தை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வரும் எதிர்ப்பைப் பார்த்தால் சில கவுன்சிலர்களுக்கு வரியை ஏற்றுவதே மேல் என்று தோன்றிவிடும்.